ஓரகத்தி அறுத்த சேவல்

டெல்லியில் நான் குடித்தனம் நடத்திய முதல் வீடு என் வீடு இல்லை. கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ் என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தார் பெயரில் இருந்தது. முன்னறை அவர்களுக்கு, பின்னறை எங்களுக்கு. அதற்கும் பின்னால் செங்கல் பாவிய ஒரு முற்றம். என் கணவருக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அதனால் அந்த வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் ஓரகத்தியிடம் கேட்டுத்தான் அடிக்க வேண்டியிருந்தது.

கல்யாணமாகி வந்தபோது ஒரு கூடையில் ஒரு சேவலும் மூன்று பெட்டைகளும் கொண்டுவந்தேன். திண்டுக்கல் பக்கம் எங்கள் வீட்டில் தலைமுறையாக வளர்க்கிற பெருவிடை இனம். நீண்ட கழுத்து, கனத்த கால், பருந்து மாதிரிப் பார்வை. ரயிலில் இரண்டு ராத்திரி அந்தக் கூடையைக் காலுக்கடியில் வைத்துக் காப்பாற்றி வாசலில் இறக்கினேன். ஓரகத்தி கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"சீர் கொண்டாருவான்னு பாத்தா, சேவலக் கொண்டாந்திருக்கா."

நான் காதில் விழாத மாதிரி உள்ளே போனேன். எங்கள் பகை அந்த வாசலில் தொடங்கியது. இன்றுவரை அது தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

ஊர் நினைப்புக்காக நான் கோழி வளர்க்கவில்லை. அந்த வீட்டில் அடுப்பு அவளுடையது, அரிசி டப்பா அவளுடையது, பால் கார்டு அவளுடையது. கோழி மட்டும்தான் என்னுடையது. அதை எப்படி வளர்ப்பதென்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அது போதுமாக இருந்தது.

மார்க்கெட்டில் பழக்கடைக்காரர்கள் எறிகிற ஆப்பிள் பெட்டிகளை வாங்கிவந்து, பலகைகளைப் பிரித்து, கம்பி வலை போட்டு நானே கூண்டுகள் செய்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்தேன், ஈரம் ஏறாமல் இருக்க. சேவலுக்குத் தனிக்கூண்டு, பெட்டைகளுக்கு ஒன்று, அடை வைப்பதற்கு மூலையில் சின்னதாக ஒன்று. மண்குளியல் போட ஒரு தகரத்தில் சாம்பலும் மணலும். பனிக்காலத்தில் கூண்டைச் சுற்றிக் கோணிச்சாக்கு கட்டுவேன். வெயில் காலத்தில் லூ என்கிற அனல்காற்று அடிக்கும்போது அதே சாக்கை நனைத்துக் கட்டுவேன்.

கம்பு டெல்லியில் தாராளமாகக் கிடைத்தது. காலையில் உடைத்த கம்பும் கோதுமை நொய்யும். பகலில் காய்கறிக்காரர்கள் கழித்துப்போடும் முள்ளங்கித் தழை, காலிபிளவர் இலை. சாயங்காலம் ஊறவைத்த முழுக் கம்பு. மந்திர் மார்க்கைத் தாண்டினால் ரிட்ஜ் காடு. அங்கே ஒரு பழைய மண்பானையில் ஈரச் சாக்கும் சாணியும் அடைத்து, புற்று இருக்கும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தால், மறுநாள் காலையில் கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் தெருவில் வருவதைப் பார்த்து ஓரகத்தி பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்களிடம் என்ன சொன்னாளோ, அவர்கள் என்னைப் பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

சேவல் விஷயத்தில் அவளுக்கு வெறுப்பு வந்ததற்குக் காரணம் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் அதை முற்றத்தில் அவிழ்த்துவிடுவேன். அந்த நேரம் பார்த்து அவள் துணி எடுக்க வருவாள். அது கழுத்தைத் தாழ்த்தி, பிடரிச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, நேராக அவள் கணுக்காலுக்குப் போகும். ஒருமுறை ரத்தமே வந்துவிட்டது.

"இத ஒரு நாளைக்கு இல்ல ஒரு நாளைக்குக் கொழம்பு வைக்கல, எம் பேர மாத்திக்கிறேன்" என்றாள்.

"நேரம் பாத்து வந்தா கொத்தாதுக்கா. நான்தான் அஞ்சு மணிக்குத் தொறப்பேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"எவ வீட்டுல எவளுக்கு நேரம் சொல்ற?"

பெட்டைகள் மீதும் அவளுக்குப் புகார்தான். பெருவிடைப் பெட்டை ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று முட்டை இடும். பிறகு அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டை நின்றால் ஓரகத்திக்குப் பொறுக்காது. ஒரு டிசம்பர் மாதக் காலையில் நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது அடையில் இருந்த கோழியைக் காணோம். குழாயடியில், தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் அதைக் கழுத்துவரை முக்கி, மேலே பலகை போட்டு மூடி வைத்திருந்தாள்.

"சூடு தணிஞ்சா அடை விட்டுரும். மறுபடி முட்டை வைக்கும். எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க."

"உங்கம்மா டெல்லிக் குளிர்ல செஞ்சாங்களா?"

 கோழியைத் துணியால் துடைத்து, அங்கீட்டி அடுப்பில் கரி மூட்டி, அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். பிழைத்தது. அன்று மத்தியானச் சமையலுக்கு நான் எழுந்திருக்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. அதன் பிறகு நானும் அவளும் தேவைக்கு மட்டும் பேசினோம். தேவைகளைக் குறைத்துக்கொண்டோம்.

தை மாதக் கிருத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நானும் கணவரும் ராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயிலுக்குப் போனோம். பஸ் கிடைக்காமல், அலைந்து, வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. தெருமுனையிலேயே வறுத்த மசாலா வாசனை. வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மூத்தாரின் ஆபீஸ் அதிகாரி, ஒரு பஞ்சாபிக்காரர், முன்னறையில் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாஹ் பாபி, வாஹ்! யே ஹை அஸ்லி தேசி முர்கா!" அசல் நாட்டுச் சேவல் என்று ஓரகத்தியைப் பாராட்டினார், கால் எலும்பை உயர்த்திக் காட்டி.

அந்த எலும்பின் நீளத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடையில் விற்கிற எந்தக் கோழிக்கும் அவ்வளவு நீளக் கால் கிடையாது. நேராக முற்றத்துக்குப் போனேன். சேவல் கூண்டு திறந்து கிடந்தது. குழாயடியில் அதன் கீரி நிற இறகுகள் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. மூத்தார் பிடித்துக்கொடுத்திருக்கிறார், ஓரகத்தி அறுத்திருக்கிறாள். அரிவாள்மனையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை.

விருந்தாளி போகும்வரை நான் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பியதும் ஓரகத்தி ஒரு தட்டில் சோறும் கிண்ணத்தில் குழம்புமாக வந்து என் முன்னால் வைத்தாள்.

"கிருத்திகைன்னு கவுச்சி வேணாம்னா ரசம் இருக்கு."

"யாரக் கேட்டு அறுத்தீங்க?"

"யாரக் கேக்கணும்? அவரு புரமோஷன் அந்தாளு கையில இருக்கு. 'தேசி முர்கா, தேசி முர்கா'ன்னு மனுஷன் ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. வீட்டுல ஒண்ண வச்சுக்கிட்டு இல்லேன்னு சொல்லச் சொல்றியா?"

"வீட்டுச் சேவல் இல்ல. என் சேவல்."

"அப்ப உன் வீட்டுல வச்சு வளத்திருக்கணும்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் முற்றத்துச் சாக்கடையில் ஊற்றினேன். அவள் பார்க்கத்தான் ஊற்றினேன். பிறகு என் கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றிருந்தார். அண்ணனிடம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சரி விடு, ஊருக்குப் போறப்ப வேற ஒண்ணு கொண்டாரலாம்" என்றார். அன்றிலிருந்து அவரோடும் பேச்சைக் குறைத்தேன்.

இரண்டாம் நாள், பழைய டெல்லிக் கோழி வியாபாரி ஒருவனிடமிருந்து மூத்தார் பத்துப் பதினைந்து வெள்ளைக் கோழிகளை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கினார். லெகான். தினமும் முட்டை இடுகிற பண்ணைக் கோழி. கூடவே ஒரு வெள்ளைச் சேவல்.

"சேவல் போச்சுன்னு ஒப்பாரி வச்சியே, இந்தா சேவல்" என்றாள் ஓரகத்தி.

அவளுக்கு அது சமாதானம் என்றே தோன்றியிருக்கலாம். எனக்கு அது அறுத்ததைவிடப் பெரிய அவமானமாகப்பட்டது. அந்த வெள்ளைச் சேவல் என் பெட்டைகளோடு சேர்ந்தால் பிறப்பது பெருவிடையும் இல்லை, லெகானும் இல்லை. எங்கள் வீட்டில் அத்தனை காலம் கலக்காமல் காத்த இனம் அந்த முற்றத்தோடு முடிந்துபோகும்.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. சேவல் போன பிறகும் ஒரு வாரம், சில சமயம் பத்து நாள்வரை, அதோடு இருந்த பெட்டை இடுகிற முட்டையில் கரு இருக்கும். என் மூன்று பெட்டைகளில் இரண்டு அப்போது முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அவற்றைக் கூண்டிலேயே பூட்டி வைத்தேன். தீனி, தண்ணீர் எல்லாம் உள்ளேதான். ஒவ்வொரு முட்டையையும் இட்ட சூடு ஆறுவதற்குள் எடுத்து, எங்கள் அறையில் டிரங்குப் பெட்டிக்குள் தவிட்டில் கூர்முனை கீழாகப் புதைத்து வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க ஓரகத்தி முட்டை கேட்டாள்.

"இடலயா?"

"இடல."

"கொக்கரிக்குறது தெருவுக்கே கேக்குது."

"கொக்கரிச்சா முட்டைன்னு அர்த்தமா?"

ஒரு வாரம் கழிந்து ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது கூண்டின் கதவு திறந்திருந்தது. என் பெட்டைகள் முற்றத்தில் வெள்ளைச் சேவலோடு திரிந்துகொண்டிருந்தன. "பாவம், வெயில் படட்டும்னு தொறந்துவிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு இட்ட முட்டைகளை நான் நம்பவில்லை. எல்லாவற்றையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். பெட்டிக்குள் இருந்தவை மட்டும் என் கணக்கு.

மூன்றாவது பெட்டை அடைக்கு வந்திருந்தது. டிசம்பரில் பக்கெட்டில் மூழ்கிக்கிடந்த அதே கோழி. அதை முற்றத்தில் வைக்க எனக்குத் தைரியமில்லை. ஆப்பிள் பெட்டியில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை வைத்து, எங்கள் கட்டிலுக்கு அடியில் உட்காரவைத்தேன். கோழி எச்சத்தின் நாற்றத்தில் கணவர் முகத்தைச் சுளித்தார்.

"மனுஷன் படுக்குற ரூமா இது?"

"உங்க அண்ணன் தின்னதுக்கு இது ஈடு. நாத்தம் பிடிக்கலன்னா அவரு ரூம்ல போய்ப் படுங்க."

 அதற்குப் பிறகு கோழி தீனி எடுக்க எழுந்து வரும்போதெல்லாம் முன்னறைக் கதவைக் கணவரே சாத்திவிட்டு வருவார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அறையை இருட்டாக்கி, ஜன்னல் சந்தில் விழும் வெயிலில், காகிதச் சுருள் வழியாக. சில வெறும் மஞ்சளாகத் தெரிந்தன, கரு இல்லை. மற்றவற்றில் சிலந்திக் கால் மாதிரி ரத்த நரம்பு ஓடியிருந்தது. நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஹோலிக்குக் கொஞ்சம் முன்னால் குஞ்சுகள் பொரிந்தன. ஆறு. குஞ்சுச் சத்தத்தை ஒளிக்க முடியாது. ஓரகத்தி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கீரி நிறக் குஞ்சுகளின் முதுகுக் கோட்டைப் பார்த்ததும் இவை வெள்ளைச் சேவலுடையவை இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"திருடி" என்றாள்.

"என் கோழி இட்ட முட்டை."

"என் வீட்டுல இட்ட முட்டை. வந்த நாள்லேருந்து உக்காந்து தின்னுக்கிட்டு, முட்டை இல்லேன்னு மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்க."

"ஆமா, சொன்னேன். உண்மையச் சொல்லியிருந்தா விட்டு வச்சிருப்பீங்களா? நீங்க கேட்டா அறுத்தீங்க?"

அன்றிலிருந்து சமையல் தனித்தனி. நான் பின்னறை மூலையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி வைத்துக்கொண்டேன்.

குஞ்சுகளுக்கு ஒரு வாரம் ஆனதும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து வாங்கிவந்தேன். கோழிகளை ஒரே அடியாகக் கொண்டுபோகிற நோய் அது. வெயில் ஏறும்போது வரும். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் அப்போதே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. ஒரு புட்டியில் நூறு கோழிக்கு மருந்து இருந்தது. குஞ்சுகளுக்குக் கண்ணில் ஒவ்வொரு சொட்டு விட்டேன். பெரியவற்றுக்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்தது. மீதி மருந்தோடு முற்றத்துக்கு வந்தேன். ஓரகத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. இருந்தும் நானே வாயைத் திறந்தேன்.

"இது கழிச்சல் மருந்து. வெள்ளைக் கோழிக்கும் விட்டுரலாம். மிச்சம் இருக்கு."

"என் கோழியத் தொட்டா கைய ஒடிச்சிருவேன். எதக் கரைச்சு வச்சிருக்கியோ, யாருக்குத் தெரியும்?"

இரண்டாம் முறை நான் கேட்கவில்லை. அவள் கண் முன்னாலேயே அந்த மருந்தைச் சாக்கடையில் ஊற்றி, புட்டியை நெருப்பில் போட்டேன்.

ஏப்ரல் கடைசியில் நோய் வந்தது. மூத்தார் வியாபாரியிடமிருந்து புதிதாக நாலு கோழி வாங்கிவந்து விட்டிருந்தார். அதில் ஒன்று வந்த அன்றே தூங்கி வழிந்தது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அடுத்தடுத்து எல்லாவற்றுக்கும் கழுத்து முறுக்கிக்கொண்டது. தலையை முதுகின்மேல் திருப்பி வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, நின்ற இடத்திலேயே சுற்றின. ஓரகத்தி மஞ்சள் கரைத்து ஊற்றினாள், பூண்டு நசுக்கிக் கொடுத்தாள். காலையில் கூண்டைத் திறந்தால் ஒன்றின்மேல் ஒன்றாகச் செத்துக் கிடக்கும். அந்த வாரத்துக்குள் வெள்ளைக் கோழி ஒன்றுகூட மிஞ்சவில்லை. முற்றத்தின் மறுகோடியில் என் பெட்டைகள் கம்பு கொத்திக்கொண்டிருந்தன. குஞ்சுகளில் ஒன்று மட்டும் செத்தது.

கடைசிக் கோழியைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு மூத்தார் வெளியே போனதும், ஓரகத்தி வீதிக்குப் போய் நின்று கத்தத் தொடங்கினாள். தமிழிலும் இந்தியிலுமாக.

"ஜஹர் தே தியா! விஷம் வச்சுட்டா! என் கோழிய எல்லாத்தையும் கொன்னுட்டா! அவ கோழி மட்டும் எப்படிச் சாகாம நிக்குது, கேளுங்க!"

அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெளியே வந்தார்கள். வாயை மூடிக்கொண்டு சிரித்த அதே பெண்கள் இப்போது சிரிக்கவில்லை. ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். நான் மருந்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாசலுக்கு வந்தேன். என் இந்தி அவ்வளவு தூரத்துக்குப் போதாது. "தவாயி... தவாயி..." என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மருந்து வைத்தேன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்போது என் கணவர் ஆபீஸிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

"அண்ணி, இவ மருந்து குடுக்க வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். நான் உள்ளதான் இருந்தேன்" என்றார். பிறகு அதையே இந்தியில் கூட்டத்துக்குச் சொன்னார்.  முழுவதையும் சொன்னார்.

"அப்ப அவ பின்னாடியே போ. ரெண்டு பேரும் இன்னைக்கே எடத்தக் காலி பண்ணுங்க" என்றாள் ஓரகத்தி.

அவர் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினார்.

அந்த வாரமே யமுனைக்கு அப்பால், மயூர் விஹார் பக்கம் வயலும் கொட்டகையுமாகக் கிடந்த ஒரு கிராமத்தில் ஒரு அறை எடுத்தோம். கூண்டுகளை டெம்போவில் ஏற்றும்போது மூத்தார் ஒரு கை பிடிக்க வந்தார். "வேண்டாம் மாமா" என்றேன். நகர்ந்து நின்றுகொண்டார். ஓரகத்தி வெளியே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது.

அங்கே இடம் தாராளமாக இருந்தது. ஐந்து குஞ்சில் இரண்டு சேவல். நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு பெட்டைகளோடு சேர்த்தேன். பின்னால் ஊரிலிருந்து வேறு சேவல் கொண்டுவந்து ரத்தம் மாற்றினேன். அந்தப் பகுதியில் அடுக்குமாடிகள் எழும்பும்வரை என்னிடம் பெருவிடை இருந்தது. ராணுவத்தில் வேலை பார்த்த தமிழர்கள் சிலர் வந்து ஜோடியாக வாங்கிப்போனார்கள்.

அண்ணனும் தம்பியும் ஒரு வருஷத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். தீபாவளிக்கு இவர் போய்வருவார். அவள் கொடுத்துவிட்ட பலகாரத்தை நான் தொடமாட்டேன். அவர் அதை ஆபீஸுக்கு எடுத்துப்போவார். மூத்தார் ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இருவரும் ஊருக்கே திரும்பினார்கள். ரயிலேற்றிவிட வா என்று கணவர் கூப்பிட்டார்.

"கடைசியாப் போறாங்க. ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டு வந்துரு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... பெரியவங்க இல்லையா."

எனக்கு அன்று வேறு வேலை எதுவும் இல்லை. காய்ச்சலும் இல்லை, மழையும் இல்லை. அவர் தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.